ஜூரிக்கு அழைத்தார்கள், போய்வந்தேன்

ஜூரி என்றால் குற்ற வழக்கைக் கேட்டு, குற்றவாளியா இல்லையா என்று சொல்கிற பன்னிரண்டு பொதுமக்கள். இங்கிலாந்தில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எவருக்கும் அதற்கு அழைக்கிற கடிதம் வரலாம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களைத்தான் ஜூரிக்கு எடுப்பார்கள் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. வயது 18க்கும் 75க்கும் இடையில் இருக்க வேண்டும், வாக்காளராகப் பதிந்திருக்க வேண்டும், 13 வயதுக்குப் பிறகு தொடர்ந்து ஐந்து வருடமாவது இந்த நாட்டில் வசித்திருக்க வேண்டும், சில குற்றத் தண்டனைகள் பெற்றிருக்கக் கூடாது. அவ்வளவுதான். இலங்கையும் இந்தியாவும் காமன்வெல்த் நாடுகள் என்பதால், அந்தக் குடியுரிமையோடு இங்கே வாக்குப் பதிவு செய்தவர்களின் பெயரும் அந்தக் குலுக்கலில் இருக்கும். கடிதம் வந்து ஏழு நாட்களுக்குள் பதில் போட வேண்டும். பதில் போடாவிட்டாலும், சொன்ன நாளில் போகாவிட்டாலும் 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம் என்று கடிதத்திலேயே எழுதியிருக்கும். அந்த ஒரு வரி போதும், அன்றைய சாப்பாடு இறங்காமல் போக.

எனக்கு வந்தபோது தெரிந்தவர்கள் எல்லோரிடமும் கேட்டேன். தப்புவதற்கு வழி சொல்ல ஆட்கள் நிறைய இருந்தார்கள். போனால் எப்படி இருக்கும் என்று சொல்ல ஒருவரும் இல்லை. “மச்சான், இங்கிலீஷ் விளங்காது எண்டு எழுதிப்போடு, விட்டுடுவாங்கள்” என்றான் நண்பன் ஒருவன். நான் வருடக்கணக்காக கார் ஓட்டப் பழக்குகிறவன். ஆங்கிலத்தில் கத்தியே தொழில் செய்கிறேன். அதைப் போய் விளங்காது என்று எழுத மனம் வரவில்லை. ஆனால் உண்மையிலேயே ஆங்கிலம் போதாது என்றால் அதைச் சொல்லத்தான் வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நீதிமன்றத்தில் போய் நின்ற பிறகுகூடச் சொல்லலாம், நீதிபதி பேசிப் பார்த்து விடுவித்துவிடுவார். ஒரு மனிதன் சிறைக்குப் போவதா வீட்டுக்குப் போவதா என்று முடிவு செய்கிற இடத்தில் பாதி புரிந்து பாதி புரியாமல் உட்கார்ந்திருப்பதுதான் அநியாயம்.

மற்றபடி, ஒத்திவைக்கக் கேட்கலாம். ஒரே ஒரு முறைதான் தருவார்கள், அதுவும் 12 மாதத்துக்குள் வேறு தேதி. எந்தெந்த நாட்களில் வரமுடியாது என்பதைக் காரணத்தோடும் ஆதாரத்தோடும் எழுத வேண்டும். எனக்கு அந்த நேரத்தில் சில மாணவர்களுக்கு ஓட்டுநர் தேர்வு நாள் கிடைத்திருந்தது. இங்கே அந்தத் தேர்வுக்கு நாள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று பழகுகிறவர்களைக் கேட்டால் தெரியும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தேர்வு உறுதிச் சீட்டுகளை இணைத்து அனுப்பினேன், ஒத்திவைத்தார்கள். வசதி உள்ளவர்கள் புதுத் தேதி கேட்கும்போது, அதற்குப் பின்னால் வருகிற ஒரு வாரத்தையும் காலியாக விட்டுக் கேளுங்கள். வழக்கமாகப் பத்து வேலைநாள் என்பார்கள். வழக்கு இழுத்தால் முடியும்வரை இருந்தே ஆக வேண்டும். எனக்கு மூன்றாவது வாரத்துக்குள் போய்விட்டது. ஒத்திவைத்துச் சில மாணவர்களைக் காப்பாற்றிவிட்டு, கடைசியில் வேறு மாணவர்களைக் கைவிட வேண்டியதாயிற்று.

பணத்தைப் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை, நான் பேசுகிறேன். ஜூரிக்குச் சம்பளம் கிடையாது. இழந்த வருமானத்துக்கு ஈடு என்று ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். நான் போனபோது முதல் பத்து நாட்களுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 64.95 பவுண்டு. அன்று நான்கு மணி நேரம் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் 32.47. பத்து நாளைத் தாண்டினால் 129.91. சாப்பாட்டுக்கு 5.71. சொந்தக் கார் என்றால் மைலுக்கு 31.4 பென்ஸ். என் தொழிலில் ஒழுங்கான ஒரு நாளைக்கு 180, 190 பவுண்டு வரும். கார் லீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் நான் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தாலும் போய்க்கொண்டே இருக்கும். காலையில் போய், இன்றைக்கு உங்களுக்கு வழக்கு இல்லை என்று மதியத்துக்குள் அனுப்பிவிட்டால் அன்றைக்குப் பாதித் தொகைதான், ஆனால் அன்றைய பாடங்கள் முழுவதையும் முந்தின நாளே ரத்து செய்திருப்போம். எல்லாம் கழித்துப் பார்த்தபோது கையிலிருந்து போனது ஏறக்குறைய 1,400 பவுண்டு. வேறு ஆசிரியரிடம் போய்விட்ட மாணவர்களை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

சொந்தத் தொழில் செய்கிறவர்கள் முன்கூட்டியே வரிக் கணக்கின் நகலையும், கணக்காளர் இருந்தால் அவரிடமிருந்து ஒரு கடிதத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள், வருமான இழப்புப் படிவத்தை முதல் நாளுக்கு முன்பே முதலாளியிடம் கொடுத்து நிரப்பி வாங்கிவிடுங்கள். ஜூரிக்குப் போகிற நாட்களுக்குச் சம்பளம் தர வேண்டும் என்று முதலாளிக்குச் சட்டக் கட்டாயம் கிடையாது. தருவாரா மாட்டாரா என்று எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. ஜூரிக்குப் போன காரணத்தால் வேலையை விட்டு நீக்க முடியாது, அதற்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. பிள்ளை பராமரிப்புக்குச் செலவு செய்தால் அதையும் அந்த உச்சவரம்புக்குள் கேட்கலாம். கார் நிறுத்தும் கட்டணத்தை மட்டும் முன் அனுமதி இல்லாமல் கட்டிவிட்டு ரசீதோடு போய் நிற்காதீர்கள், தர மாட்டார்கள்.

முதல் நாள் முழுக்கக் காத்திருப்பு. விமான நிலையம் மாதிரிப் பரிசோதனை, பிறகு ஒரு பெரிய கூடம், ஒரு விளக்கப் படம், அப்புறம் சும்மா இருப்பது. பெயர் கூப்பிடும்வரை உட்கார்ந்தே இருக்க வேண்டும். என் பெயரை வாசிப்பதற்கு முன் ஒரு சின்ன இடைவெளி வந்தது, அதிலேயே நான்தான் என்று தெரிந்துகொண்டு எழுந்துவிட்டேன். பதினைந்து பேர் அளவில் கூட்டிக்கொண்டு போய், அதிலிருந்து சீட்டு எடுத்துப் பன்னிரண்டு பேரைப் பெட்டிக்குள் உட்கார வைக்கிறார்கள். சாட்சிகளின் பெயர்களை வாசித்து யாரையாவது தெரியுமா என்று கேட்பார்கள். தெரிந்தால், லேசாகச் சந்தேகம் இருந்தால்கூட, அந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். வழக்கு நீளும் என்றால் அதையும் சொல்லி, யாருக்கு முடியாது என்று கேட்பார்கள். வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டால் அதன் பிறகு கதவு அடைபட்டுவிடும். சத்தியத்துக்கு பைபிள், குர்ஆன், கீதை எல்லாம் வைத்திருக்கிறார்கள். கடவுள் பெயர் இல்லாமல் உறுதிமொழியும் எடுக்கலாம், நான் அதைத்தான் எடுத்தேன். வாசகம் அட்டையில் இருக்கும், மனப்பாடம் எதுவும் வேண்டாம்.

ஒவ்வொருவராக எழுந்து உறுதிமொழி சொல்லும்போது, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த குற்றம்சாட்டப்பட்ட ஆள் எங்கள் முகங்களை ஒன்றன் பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்களில் யாரையும் பிடிக்கவில்லை என்று காரணம் சொல்லாமல் தட்டிக் கழிக்க முன்பு குற்றம்சாட்டப்பட்டவர் தரப்புக்கு உரிமை இருந்தது. 1988இல் வந்த சட்டத்தோடு அது போய்விட்டது. இப்போது தகுந்த காரணம் காட்டித்தான் ஒருவரை விலக்கக் கேட்கலாம். அதனால் அவனுக்கு வாய்த்தது யார் யாரோ அந்தப் பன்னிரண்டு பேர்தான். என் முகத்தில் அவன் என்ன பார்த்திருப்பான் என்று அன்று இரவு முழுக்க யோசித்தேன்.

ஜூரி என்றதும் எனக்கு ஞாபகம் வருவது வேறு. இலங்கையில் மேல் நீதிமன்ற (ஹை கோர்ட்) வழக்குகளில் ஜூரி முறை இன்றும் இருக்கிறது. அங்கே ஏழு பேர், ஐந்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மை போதும். மொழிவாரியாக ஜூரர் பட்டியல்கள் இருக்கும். திருகோணமலை மாவட்டத்தில் உள்ள குமாரபுரத்தில் 1996 பிப்ரவரியில் 20க்கும் மேற்பட்ட தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். வழக்கு திருகோணமலையிலிருந்து, சிங்களவர் பெரும்பான்மையாக வாழும் அனுராதபுரத்துக்கு மாற்றப்பட்டது. 20 வருடம் கழித்து 2016 ஜூலையில் அங்கே ஜூரி, குற்றம்சாட்டப்பட்ட ஆறு முன்னாள் இராணுவத்தினரையும் விடுவித்தது. அதே வருடம் டிசம்பர் 24ஆம் தேதி, நள்ளிரவு தாண்டிய நேரத்தில், கொழும்பில் இன்னொரு தீர்ப்பு. 2006 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்ட தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜின் வழக்கு. குற்றம்சாட்டப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டபடி சிங்களம் பேசும் ஏழு பேர் ஜூரியாக இருந்தார்கள். எல்லோரும் விடுதலை. மறுபக்கம், 2000ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து மிருசுவிலில் எட்டுத் தமிழர்கள் கொல்லப்பட்ட வழக்கில் ஜூரி இல்லை, மூன்று நீதிபதிகள் இருந்தார்கள், 2015இல் ஒரு இராணுவ வீரருக்குத் தண்டனை கிடைத்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி மன்னிப்புக் கொடுத்து அவரை வெளியில் விட்டது தனிக் கதை.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்து, ஜூரி என்றால் பெரும்பான்மை தன் ஆட்களைக் காப்பாற்றிக்கொள்கிற ஏற்பாடு என்ற எண்ணம் எனக்குள் ஊறிப்போயிருந்தது. இந்தியாவிலிருந்து வந்த நண்பர்களுக்கும் ஜூரியைப் பற்றிப் பெரிய மரியாதை கிடையாது. மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கில், 1959இல் பம்பாய் ஜூரி எட்டுக்கு ஒன்று என்று குற்றவாளி இல்லை என்றது, நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார், அங்கே தண்டனை கிடைத்தது என்பதை அவர்கள் சொல்வார்கள். 1973இல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லாமல் போனது. இந்த அவநம்பிக்கையோடு நானே அந்தப் பெட்டிக்குள் போய் உட்கார வேண்டியதாகிவிட்டது. அதுவும் சிறுபான்மைக்காரனாக. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவனும் சிறுபான்மைதான், என் இனம் இல்லை. அவனைப் பற்றி எனக்கு ஏற்கெனவே என்ன அபிப்பிராயம் இருக்கிறது என்று என்னையே சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அது சுகமான வேலை இல்லை. அவன் ஆட்களைப் பற்றி எங்கள் வீட்டு விசேஷங்களில் எப்படிப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டது, வழக்கு முடிந்த பிறகுதான் வாசித்தேன்: இங்கே ஜூரிகளை ஆராய்ந்து செரில் தாமஸ் என்ற பேராசிரியர் 2010இல் நீதி அமைச்சுக்கு ஒரு அறிக்கை கொடுத்தார். முழுக்க வெள்ளையர்களைக் கொண்ட ஜூரிகள்கூட சிறுபான்மை இனத்தவருக்கு எதிராகப் பாரபட்சம் காட்டியதாகத் தெரியவில்லை என்பது அதன் முடிவுகளில் ஒன்று. நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் லாமி 2017இல் இனமும் குற்றவியல் நீதியும் பற்றிச் செய்த ஆய்விலும், அமைப்பின் மற்றப் பகுதிகளைக் கடுமையாகக் குறை சொல்லிவிட்டு, ஜூரிகளைப் பற்றி நல்ல விதமாகவே எழுதினார். மனிதர்கள் இங்கே நல்லவர்கள், அங்கே கெட்டவர்கள் என்று நான் நம்பத் தயாரில்லை. குலுக்கலில் ஆளை எடுப்பதும், ஒரு தரப்பு தனக்குத் தோதான ஆட்களை அமைத்துக்கொள்ள இடம் கொடுக்காததும்தான் பெரிய வித்தியாசம் என்பது என் கருத்து. அதைவிடப் பெரியது, விளங்காததைக் கேட்க ஜூரருக்கு இருக்கிற உரிமை. இதை எனக்கு யாரும் அழுத்திச் சொல்லவில்லை.

வழக்கு என்ன என்று எழுதப்போவதில்லை. வன்முறை சம்பந்தப்பட்டது, கண்காணிப்புக் கேமரா காட்சி இருந்தது, அதைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள் என்பது போதும். வழக்கறிஞர்கள் வேகமாகப் பேசுவார்கள். சாட்சிகள் நகரத்தின் பேச்சு மொழியில், பாதி வார்த்தையை விழுங்கிப் பேசுவார்கள். ஒரு சாட்சி சொன்னதில் ஒரு முக்கியமான இடம் எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அசையாமல் இருந்ததைப் பார்த்து, எனக்கு மட்டும்தான் விளங்கவில்லை போல என்று நினைத்தேன். கையைத் தூக்குவதா, பேசாமல் இருப்பதா என்று உள்ளே ஒரு போராட்டம். இங்கே ஒருவன் உச்சரிப்போடு ஒரு வார்த்தை பேசினாலே அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு, அந்தப் பயம்தான். கடைசியில் ஒரு சீட்டில் எழுதி, ஜூரியைக் கவனித்துக்கொள்கிற நீதிமன்ற ஊழியரான அஷரிடம் கொடுத்தேன். அவர் நீதிபதியிடம் கொடுத்தார். நீதிபதி அதை இரு தரப்பு வழக்கறிஞர்களுக்கும் காட்டிவிட்டு, நல்ல கேள்வி என்று சொல்லி, சாட்சியிடம் மெதுவாகத் திரும்பச் சொல்லச் சொன்னார். இடைவேளையில் இரண்டு பேர் என்னிடம் வந்து, நல்ல காலம் கேட்டீர்கள், எங்களுக்கும் காதில் விழவில்லை என்றார்கள். இரண்டு பேரும் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்.

ஆகவே, போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: சீட்டு எழுதிக் கொடுங்கள். காது கேட்கவில்லை, திரை தெரியவில்லை, வார்த்தை விளங்கவில்லை, கழிப்பறைக்குப் போக வேண்டும், எதுவானாலும். பக்கத்தில் இருக்கிறவர் தூங்குகிறார் என்றாலோ, கைபேசியில் தேடுகிறார் என்றாலோ அதையும் நீதிபதியிடம் சொல்லியே ஆக வேண்டும், அதுவும் தீர்ப்புக்கு முன்பே. முடிந்த பிறகு சொல்லித் திருத்துவது மிகக் கடினம். குறிப்பெடுக்கத் தாள் தருவார்கள், எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் எழுதுகிற நேரத்தில் சாட்சியின் முகத்தைத் தவறவிடாதீர்கள். அந்தத் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. முடிவில் நீதிபதி சட்ட விளக்கம் கொடுப்பார், அது எழுத்தில் கிடைக்கவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். நான் சொன்ன அதே 2010 ஆய்வில், நீதிபதி வாயால் சொன்ன விளக்கத்தைச் சட்டம் சொல்கிற அர்த்தத்தில் முழுதாகப் புரிந்துகொண்டவர்கள் 31 சதவீதம்தான். எழுத்திலும் ஒரு சுருக்கம் கொடுத்தபோது அது 48 ஆனது. இங்கே பிறந்தவர்களையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. விளங்கவில்லை என்பது நம்முடைய ஆங்கிலத்தின் குறை மட்டும் இல்லை.

விளக்கத்தில் நான் மீண்டும் மீண்டும் வாசித்தது ஒரு வரியை. குற்றத்தை நிரூபிப்பது அரசுத் தரப்பின் பொறுப்பு, அவன் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை, அவன்தான் செய்தான் என்று நீங்கள் நிச்சயமாக இருந்தால் மட்டுமே குற்றவாளி என்று சொல்ல வேண்டும். வெளியில் நாம் யாரைப் பற்றியும் இவ்வளவு கண்டிப்போடு யோசிப்பதில்லை. செய்திருப்பான், பார்த்தாலே தெரிகிறது என்று டீ குடித்துக்கொண்டே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். ‘அநேகமாகச் செய்திருப்பான்’ என்று தோன்றினால், சட்டப்படி அவன் விடுதலையாக வேண்டும். இதைத் தாளில் வாசிப்பது சுலபம். பாதிக்கப்பட்டவரின் தாய் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அதை மனதில் நிறுத்துவது சுலபம் இல்லை.

அந்த வாரங்களில் வீடு ஒரு மாதிரி ஆகிவிட்டது. “என்னப்பா, இண்டைக்கு என்ன நடந்தது?” என்று மனைவி கேட்பாள். “சொல்லக் கூடாதப்பா” என்பேன். முதல் இரண்டு நாள் சிரித்தோம். அப்புறம் அவளும் கேட்பதை விட்டுவிட்டாள், நானும் பேசுவதையே குறைத்துவிட்டேன். வழக்கு நடக்கும்போது மற்ற ஜூரர்கள் தவிர யாரிடமும் வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது. அதுவும் பன்னிரண்டு பேரும் கூடி இருக்கும்போதுதான். இணையத்தில் தேடக் கூடாது, சம்பவம் நடந்த தெருவைக் கூகிள் வரைபடத்தில் பார்ப்பதுகூடக் கூடாது. மீறினால் இரண்டு வருடம் வரை சிறை. வெறும் பயமுறுத்தல் இல்லை இது. 2011இல் குற்றம்சாட்டப்பட்ட பெண் ஒருவருடன் ஃபேஸ்புக்கில் பேசிய ஜூரருக்கு எட்டு மாதம் கிடைத்தது. 2012இல் பிரதிவாதியைப் பற்றி இணையத்தில் தேடி, மற்றவர்களிடமும் சொன்ன ஒருவருக்கு ஆறு மாதம். வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் ‘இன்றைக்கு ஒரு கேஸ்’ என்று ஆரம்பிக்கிற பழக்கம் உள்ளவர்கள், கடிதம் வந்த நாளிலேயே அதை நிறுத்திவிடுங்கள். தூக்கத்தில் அந்தக் கேமரா காட்சி வந்தது, கறுப்பு வெள்ளையில், சத்தம் இல்லாமல். அதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

கலந்தாலோசிக்கும் அறைக்குள் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுத முடியாது. யார் என்ன சொன்னார்கள், எத்தனை பேர் எந்தப் பக்கம் என்பதை வெளியில் சொல்வது குற்றம், அதற்குக் காலவரையறை கிடையாது. பொதுவாகத் தெரிந்த விதிகளைச் சொல்லலாம். கைபேசிகளை வாங்கி வைத்துக்கொள்வார்கள். தலைவராக ஒருவரை ஜூரர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் பன்னிரண்டு பேரும் ஒருமித்த முடிவுக்கு வரச் சொல்வார்கள். குறைந்தது இரண்டு மணி பத்து நிமிடம் கடந்த பிறகே, நீதிபதி சரி என்று நினைத்தால், பத்துக்கு இரண்டு அல்லது பதினொன்றுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையை ஏற்பதாகச் சொல்லலாம். இந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பு 1967இல்தான் வந்தது. அதற்கு முன் ஒருவர் மறுத்தாலும் தீர்ப்பு இல்லை. எந்த முடிவுக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. எந்த முடிவுக்காகவும் ஜூரரைத் தண்டிக்கவும் முடியாது. 1670இல் வில்லியம் பென், வில்லியம் மீட் என்ற இருவருடைய வழக்கில் நீதிபதி கேட்ட தீர்ப்பைக் கொடுக்க மறுத்த ஜூரர்களை இரண்டு இரவு சாப்பாடு இல்லாமல் அடைத்து வைத்து, பிறகு அபராதமும் போட்டார்கள். எட்வர்ட் புஷெல் என்ற ஜூரர் அபராதம் கட்ட மறுத்துச் சிறையிலிருந்தே வழக்குப் போட்டு வென்றார். லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் அவர்கள் நினைவாக ஒரு கல்வெட்டு இருக்கிறது. மனதுக்குச் சரி என்று படாத ஒன்றுக்கு, வீட்டுக்குப் போக நேரமாகிறது என்பதற்காகத் தலையாட்ட வேண்டியதில்லை.

தீர்ப்பு வாசித்த நேரத்தில் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன தீர்ப்பு என்பது திறந்த நீதிமன்றத்தில் சொன்னதுதான், ஆனாலும் இங்கே எழுத விருப்பமில்லை. அழுகை கேட்டது. எப்படித் தீர்ப்பு வந்திருந்தாலும் ஒரு பக்கம் அழுதிருக்கும். நீதிபதி நன்றி சொன்னார், கொஞ்ச நேரத்தில் தெருவில் நின்றோம். இத்தனை நாள் சேர்ந்திருந்தவர்கள் கை கொடுத்துவிட்டுப் பிரிந்தோம். தண்டனை எவ்வளவு என்பது ஜூரியின் வேலை இல்லை, அது நீதிபதியுடையது, அதை நினைத்து முடிவு செய்யவும் கூடாது. குற்றவாளி என்று தீர்ப்பாகிற வழக்குகளில் தண்டனை அறிவிக்கிற நாளில் விரும்பினால் பொதுமக்கள் இருக்கையில் போய் உட்காரலாம். பிற்பாடு தூக்கம் கெட்டால் குடும்ப வைத்தியரிடம் போங்கள், நான் போனேன். அறைக்குள் நடந்ததைத்தான் சொல்லக் கூடாது. திறந்த நீதிமன்றத்தில் பார்த்த காட்சி மனதை விட்டுப் போகவில்லை என்பதைத் தீர்ப்புக்குப் பிறகு வைத்தியரிடம் சொல்லலாம். இதைத் தெரியாமல் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு இருக்கிறவர்கள் உண்டு.

எனக்கு இன்னும் கோபம் வருவது தாமதத்தை நினைத்து. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராக ஞாபகம் இல்லை, ஞாபகம் இல்லை என்றார்கள். நினைவு மங்கிப்போனது குற்றம்சாட்டப்பட்டவனுக்குச் சாதகமா பாதகமா என்றுகூடச் சொல்ல முடியாது, இரண்டு பக்கத்துக்கும் அநியாயம். ஜூரியோடு பெரிய குற்ற வழக்குகளை விசாரிக்கிற கிரௌன் கோர்ட்டுகளில் தேங்கிக் கிடக்கிற வழக்குகள் 70,000ஐத் தாண்டிவிட்டன. இதைச் சொல்லித்தான் 2025 ஜூலையில் ஓய்வுபெற்ற நீதிபதி சர் பிரையன் லெவிசன் ஜூரி வழக்குகளைக் குறைக்கப் பரிந்துரைத்தார். டிசம்பரில் டேவிட் லாமி, மூன்று வருடம் அல்லது அதற்குக் குறைவான தண்டனை கிடைக்கக்கூடிய வழக்குகளை ஜூரி இல்லாமல் நீதிபதி ஒருவரே விசாரிக்கும் திட்டத்தை அறிவித்தார். 2017இல் ஜூரிகளைப் புகழ்ந்த அதே லாமிதான், இந்தமுறை நீதி அமைச்சராக. ஏற்கெனவே இங்கே குற்ற வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே ஜூரி இல்லாமல் முடிந்துவிடுகிறது. மிச்சம் இருப்பதிலும் கை வைக்கிறார்கள். நான் இருந்த கட்டிடத்தில் சில அறைகள் பூட்டியே கிடந்தன, நீதிபதி இல்லை, வழக்கறிஞர் இல்லை, கைதியைக் கொண்டுவருகிற வண்டி வரவில்லை என்று காலைப் பொழுதுகள் வீணாகப் போயின. அதில் ஒரு தாமதத்துக்குக்கூட ஜூரர்கள் காரணமாக இருந்து நான் பார்க்கவில்லை. மூன்று வருடம் சிறை என்பது அவனுக்கும் அவன் வீட்டுக்கும் சின்ன விஷயம் இல்லை. அதை ஒரே ஒருவர் தீர்மானிப்பதா, விளங்காத இடத்தில் சீட்டு எழுதிக் கேட்கிற பன்னிரண்டு பேர் தீர்மானிப்பதா என்றால், இலங்கையில் நடந்ததெல்லாம் தெரிந்திருந்தும், நான் பன்னிரண்டு பேரின் பக்கம்.

இன்னும் இரண்டு விஷயம். செலவுப் படிவத்தைக் கடைசி நாள் வெளியே வருவதற்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். ஜூரிக்குப் போன முதல் நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கோரலாம், ஆனால் தள்ளிப்போட்டால் ரசீதுகள் தொலையும். ஜூரியில் இருந்ததற்குச் சான்று கேட்டால் எழுதித் தருவார்கள், அதை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்துக்குள் உங்கள் பெயர் மறுபடி குலுக்கலில் விழுந்தால், அதைக் காட்டி விலக்குக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.